லேண்ட் ரோவரும் பதினாறு சொற்களும்: டிம்ஸ் எதிர் இண்டியானா

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுவின் முகப்பில் மனுதாரர்கள் இரண்டு பேர். ஒருவர் டைசன் டிம்ஸ். இன்னொருவர் 2012ஆம் ஆண்டு மாடல் லேண்ட் ரோவர் எல்ஆர்2 கார். எதிர்மனுதாரர் இண்டியானா மாநிலம்.

அச்சுப்பிழை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஆளின் மீது வழக்குப் போடுவதைப் போலவே பொருளின் மீதும் போடலாம். 'இந்த வண்டி குற்றத்துக்கு உடந்தை' என்று அரசு சொல்லும். வண்டி வாய் திறக்காது. சொந்தக்காரர் வந்து வாதாடினால் உண்டு, இல்லாவிட்டால் வண்டி அரசுக்கு. சுங்கம் ஏய்த்த சரக்கையும் கள்ளக் கப்பல்களையும் பிடிப்பதற்கென்று வந்த பழைய ஏற்பாடு இது. கப்பல் முதலாளி ஏழு கடல் தாண்டி எங்கோ இருப்பார், அவரைப் பிடிக்க வழியில்லை, கப்பலையாவது பிடித்து வை என்ற கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருந்தது. டிம்ஸ் வழக்கிலோ முதலாளி கண்ணெதிரே நின்றார். கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் வண்டிக்கான வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 2013இல் பிடித்த கார் பற்றிய கடைசித் தீர்ப்பு 2021இல் வந்தது.

இந்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2019 பிப்ரவரி 20 தீர்ப்போடு மட்டும் படித்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஒன்பதுக்குப் பூஜ்யம், அரசமைப்பு வெற்றி, கைதட்டல். அந்தத் தீர்ப்பு வந்த நாளன்று டிம்ஸ் வீட்டுக்கு வண்டி வரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'அபராதம் மிகையாக இருக்கக் கூடாது' என்ற விதி மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று மட்டுமே வாஷிங்டன் சொன்னது. மிகை என்றால் எது, யாருடைய சட்டைப்பையை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. பதில் பிறகு இண்டியானாவில் கிடைத்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

நடந்தது என்ன

டிம்ஸ் இண்டியானாவின் மேரியன் என்ற சிறு நகரத்துக்காரர். வலிக்கு எழுதிக்கொடுத்த ஓபியாய்ட் (அபின் வகை) மாத்திரையில் தொடங்கி ஹெராயினில் போய் முடிந்தது அவருடைய பழக்கம். அந்தக் காலத்து அமெரிக்க மத்திய மேற்கில் இது ஆயிரக்கணக்கான வீடுகளின் கதை. அப்பா இறந்தபோது ஆயுள் காப்பீட்டுத் தொகையாக 70,000 டாலருக்கு மேல் கைக்கு வந்தது. 2013 ஜனவரியில் அதிலிருந்து சுமார் 42,000 டாலரைக் கொடுத்து லேண்ட் ரோவரை வாங்கினார். மிச்சத்தில் பெரும்பகுதி ஹெராயினாகக் கரைந்தது. அந்தக் காரிலேயே ரிச்மண்ட் நகரத்துக்குப் போய் வாங்கி வருவது வழக்கம். ஐந்து மாதம்கூட ஆகாத வண்டி சுமார் 16,000 மைல் ஓடியிருந்தது. பின்னால் அரசுத் தரப்பு இந்த எண்ணைத் தூக்கிப் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

பணம் தீர்ந்த நேரத்தில் ஒரு தகவலாளி மூலமாக மாறுவேடப் போலீஸ் வாங்க வந்தது. இரண்டு முறை விற்றார். இரண்டையும் சேர்த்தால் நான்கு கிராம், கிடைத்த பணம் நானூறு டாலருக்கும் குறைவு. மூன்றாவது முறை விற்கப் போகும் வழியில், 2013 மே மாதம், வண்டியை மறித்துக் கைது செய்தார்கள். அவர் வேறு யாருக்காவது விற்றதாக வழக்கில் ஆதாரம் வரவில்லை. இரண்டு முறையும் வாங்கியது போலீஸே.

2015இல் ஹெராயின் விற்றதாக ஒரு குற்றத்தையும் திருட்டுச் சதிக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொண்டார். தண்டனை ஆறு ஆண்டு: ஓராண்டு வீட்டுக் காவல், ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. கட்டணம், செலவு என்று 1,203 டாலர். இது குற்ற வழக்கின் கணக்கு. இதோடு முடிந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

வண்டிக்கான வழக்கை அரசின் பெயரில் ஒரு தனியார் வழக்கறிஞர் நிறுவனம் தாக்கல் செய்தது. இண்டியானாவில் பறிமுதல் வழக்குகளைத் தனியாரிடம், வருகிற தொகையில் பங்கு என்ற பேரத்தின் பேரில், ஒப்படைக்கச் சட்டம் இடம் தருகிறது. மாநில அரசமைப்போ பறிமுதல் பணம் எல்லாம் பள்ளிகளுக்கான பொது நிதிக்குப் போக வேண்டும் என்கிறது. நடைமுறையில் போலீசும் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் 'செலவு' என்று கழித்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் பள்ளிக்கூடத்துக்கு. ஊரில் சொல்வார்களே, அளக்கிற கையே அள்ளினால் மரக்கால் எப்படி நேராக நிற்கும் என்று, அதுதான் இங்கே விஷயம். அளவுக்கு மீறிய தண்டனைத்தொகை வேறு எந்தத் தண்டனையையும்விட ஆபத்தானது என்று சொல்வதற்கான காரணமும் இதுவே. சிறையில் அடைத்தால் அரசுக்குச் செலவு. அபராதம் போட்டால் வரவு.

கிராண்ட் கவுண்டி (மாவட்டம்) விசாரணை நீதிமன்றம் 2015இல் பறிமுதலுக்கு அனுமதி மறுத்தது. டிம்ஸுக்குப் போடக்கூடிய உச்சபட்ச அபராதமே 10,000 டாலர், வண்டியின் விலை அதைப்போல் நான்கு மடங்கு, இது குற்றத்தின் கனத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்றார் நீதிபதி. மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. 2017 நவம்பரில் இண்டியானா உச்ச நீதிமன்றம் இரண்டையும் தலைகீழாக்கியது. மிகையா இல்லையா என்று அது பார்க்கவே இல்லை. அந்த விதி மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதுவரை தெளிவாகச் சொல்லவில்லை, சொல்லாதவரை நாங்களாகச் சுமத்திக்கொள்ள மாட்டோம் என்று கதவைச் சாத்திவிட்டது.

பதினாறு சொற்கள்

அமெரிக்க அரசமைப்பின் எட்டாவது திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தில் மொத்தம் பதினாறு சொற்கள். மிகையான பிணைத்தொகை கேட்கக் கூடாது, மிகையான அபராதம் விதிக்கக் கூடாது, கொடூரமும் வழக்கத்துக்கு மாறானதுமான தண்டனை தரக் கூடாது. மூன்று தடைகள், ஒரே வாக்கியம். இந்த வாக்கியம் அமெரிக்கர்கள் எழுதியதும் இல்லை. 1776இல் வர்ஜீனியா தன் உரிமைப் பிரகடனத்தில் வைத்தது, வர்ஜீனியா 1689ஆம் ஆண்டு இங்கிலாந்து உரிமைச் சட்டத்திலிருந்து எடுத்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஸ்டூவர்ட் மன்னர்கள் தமக்கு ஆகாதவர்களை ஒழிக்க அபராதத்தை ஆயுதமாக்கினார்கள். கட்டவே முடியாத தொகையைப் போடு, கட்டவில்லை என்று உள்ளே தள்ளு. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் கஜானா நிரப்பும் வழியும் அதுவே. அந்த வயிற்றெரிச்சலில் பிறந்த சட்டம் 1689இல் வந்தது.

இன்னும் பின்னால் போனால் 1215இல் இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டா. அதில் உள்ள அபராதப் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. குற்றத்தின் அளவுக்கு ஏற்பத்தான் தண்டம் போட வேண்டும், அதோடு தண்டம் போட்டாலும் அவன் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்கிறது. வணிகனென்றால் அவன் சரக்கை விட்டுவிடு, பண்ணையாளென்றால் அவன் உழவுக்கானதை விட்டுவிடு. ஏரைப் பிடுங்கிக்கொண்டால் அவன் நாளைக்கு என்ன செய்வான் என்ற எளிய கேள்வியை எண்ணூறு ஆண்டுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். டிம்ஸ் வழக்கில் அந்த ஏரின் இடத்தில் ஒரு லேண்ட் ரோவர் நிற்கிறது. பார்க்கப் பொருத்தமில்லாமல்தான் இருக்கிறது. ஆனால் பேருந்து குறைவான ஊரில் வேலைக்குப் போகவும் போதை மீட்புச் சிகிச்சைக்குப் போகவும் கார்தான் கால். வண்டி போன பிறகு டிம்ஸ் உறவினர் ஒருவரின் காரைக் கேட்டு வாங்கித்தான் வேலைக்குப் போய்வந்தார்.

மூன்று தடைகளும் ஒரே வாக்கியத்தில் இருந்தாலும் மூன்றுக்கும் அளவுகோல் வேறு. பிணைக்கு அளவு, ஆள் விசாரணைக்குத் திரும்பி வருவாரா என்பது. 1951இல் பன்னிரண்டு கம்யூனிஸ்ட் தலைவர்களுக்குத் தலைக்கு 50,000 டாலர் பிணை கேட்டபோது, வரவழைக்கத் தேவையான தொகைக்கு மேல் கேட்பது மிகை என்றது உச்ச நீதிமன்றம். (1987இல் அதே நீதிமன்றம், ஆபத்தானவர் என்று கருதினால் பிணையே கொடுக்காமல் வைக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. தொகைக்கு வரம்பு உண்டு, கதவையே பூட்டினால் வரம்பில்லை என்பது போன்ற வேடிக்கை அது.) அபராதத்துக்கு அளவு, குற்றத்தின் கனம். கொடூரத் தண்டனைக்கு அளவு, காலத்தோடு மாறும் நாகரிக உணர்வு. மூன்றாவதில் நீதிமன்றத்தின் கை நடுங்கும். செல்லாத 100 டாலர் காசோலைக்காக, பழைய குற்றங்களையும் சேர்த்து, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பெற்றவரை 1983இல் காப்பாற்றியது. தலா 399 டாலர் விலையுள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு, முந்தைய குற்றங்கள் இருந்ததால், 25 ஆண்டு முதல் ஆயுள்வரை என்று கலிஃபோர்னியா விதித்ததை 2003இல் கைவைக்காமல் விட்டது. அரசு ஆண்டுகளை எடுத்துக்கொள்வதைத் தடுப்பதைவிட டாலரை எடுத்துக்கொள்வதைத் தடுப்பதில் நீதிமன்றம் அதிகம் துணிகிறது என்று எனக்கு ஒரு குறை உண்டு.

மாநிலங்களுக்கு ஏன் பொருந்தவில்லை

இந்திய வாசகருக்கு இந்த இடம் புதிராக இருக்கும். நம் அரசமைப்பில் அடிப்படை உரிமைகள் முதல் நாளிலிருந்தே மத்திய அரசையும் மாநில அரசையும் ஒருசேரக் கட்டுப்படுத்துகின்றன. 12ஆவது பிரிவு 'அரசு' என்றால் யார் யார் என்று சொல்லிவிடுகிறது, பேச்சு முடிந்தது. அமெரிக்காவில் அப்படி இல்லை. முதல் பத்துத் திருத்தங்களும் மத்திய அரசுக்குப் போட்ட கடிவாளம் மட்டுமே என்று 1833இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868இல் வந்த பதினான்காவது திருத்தம், எந்த மாநிலமும் சட்டத்தின் முறையான வழியின்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ உடைமையையோ பறிக்கக் கூடாது என்றது. அந்த வாசகத்தின் வழியாக உரிமைகளை ஒவ்வொன்றாக மாநிலங்களுக்குள் இழுத்துவரும் வேலை இருபதாம் நூற்றாண்டு முழுவதும் நடந்தது. ஒரே நாளில் மொத்தமாக இல்லை. சில்லறையாக, வழக்கு வழக்காக.

எட்டாவது திருத்தத்தில் கொடூரத் தண்டனைத் தடை 1962இல் மாநிலங்களுக்குள் வந்தது. அந்த வழக்கும் போதைப் பழக்கத்துக்காரர் ஒருவரைப் பற்றியது. போதைக்கு அடிமையாக இருப்பதையே குற்றம் என்றது கலிஃபோர்னியா சட்டம். ஜலதோஷம் பிடித்த குற்றத்துக்கு ஒரு நாள் சிறைகூடக் கொடூரமே என்ற நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட்டின் வரி அதில்தான் வருகிறது. வழக்கு வென்றது, வழக்குத் தொடுத்தவர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோயிருந்தார், நீதிமன்றத்துக்கு அது தெரியவே தெரியாது. பிணைத் தடை பொருந்தும் என்று 1971இல் ஒரு வழக்கில் போகிற போக்கில் எடுத்துக்கொண்டார்கள். அபராதத் தடை மட்டும் வெளியே நின்றது. காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு அபராதம் மிகையானது என்று உச்ச நீதிமன்றம் முதல் முறையாகச் சொன்னதே 1998இல்தான். லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் 3,57,144 டாலரைச் சொல்லாமல் எடுத்துப்போனவரிடமிருந்து முழுவதையும் பிடுங்க அரசு பார்த்தது. பணம் நல்ல வழியில் வந்தது, கடன் அடைக்கப் போனது, குற்றம் படிவத்தில் எழுதாதது மட்டும். அதற்கான அபராத வரம்பு 5,000 டாலர். குற்றத்துக்குச் சற்றும் பொருந்தாத பறிமுதல் செல்லாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1993இல், தெற்கு டகோட்டாவில் இரண்டு கிராம் கொக்கெய்ன் விற்றவரின் வீட்டையும் பட்டறையையும் அரசு கேட்ட வழக்கில், பொருள் மீதான பறிமுதலிலும் தண்டிக்கும் நோக்கம் கொஞ்சம் கலந்திருந்தால் அதுவும் 'அபராதம்'தான் என்று ஒன்பது பேரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே மத்திய அரசின் வழக்குகள். மாநிலக் கேள்வி மேசைக்கு வர 2018 ஆயிற்று.

நவம்பர் 28, 2018

வாய்மொழி வாதத்தைப் படித்தால் தீர்ப்பு அன்றே வந்துவிட்டது என்று தோன்றும். இண்டியானாவின் சொலிசிட்டர் ஜெனரல் தாமஸ் ஃபிஷர் எழுந்து நின்ற சிறிது நேரத்திலேயே நீதிபதி நீல் கோர்சச் அவரைப் பிடித்துக்கொண்டார். அபராதத் தடை மாநிலங்களுக்கும் பொருந்தும்தானே, ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே போவோமே என்றார். 2018இலும் இதற்காக வழக்காடிக்கொண்டிருக்கிறோமா, நிஜமாகவா என்று அலுத்துக்கொண்டார்.

ஃபிஷரின் வாதம் முட்டாள்தனமானது இல்லை. மிகையான அபராதத் தடை பொதுவாகப் பொருந்தினாலும், பொருள் மீதான பறிமுதலுக்குப் பொருந்தாது, ஏனென்றால் வரலாற்றில் அந்த வகைப் பறிமுதலுக்கு 'குற்றத்துக்கு ஏற்ப' என்ற வரம்பு இருந்ததே கிடையாது என்றார். உடனே நீதிபதி ஸ்டீபன் பிரேயர் தனக்கே உரிய பாணியில் ஒரு கற்பனையை அவிழ்த்தார். வருமானம் தேவைப்படும் ஒரு மாநிலம், வேகமாக ஓட்டினால் வண்டி பறிமுதல் என்கிறது. ஒருவர் வரம்பைவிட ஐந்து மைல் கூடுதல் வேகத்தில் புகாட்டி என்ற மிக விலையுயர்ந்த காரில் போகிறார். வண்டி அரசுக்கா? ஃபிஷர் மழுப்பவில்லை. ஆமாம் என்றார். அவையில் சிரிப்பு. தன் வாதத்தை அதன் கடைசி எல்லைவரை நேர்மையாகக் கொண்டுபோனார், எல்லையில் நின்ற கார் அவர் வழக்கைக் கவிழ்த்தது.

டிம்ஸ் தரப்பில் வாதாடியவர் இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் அமைப்பின் வெஸ்லி ஹாட்டாட். அவருக்குச் சிரமமே இருக்கவில்லை.

கின்ஸ்பர்க் எழுதியது

ஒன்பது பேரும் ஒரே முடிவு. எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். டிசம்பரில் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு அவைக்குத் திரும்பிய மறுநாள் இந்தத் தீர்ப்பை வாசித்தார். தீர்ப்பு சின்னது, வளவளப்பு கிடையாது. ஒரு உரிமை மாநிலங்களுக்கும் பொருந்த வேண்டுமென்றால் அது சுதந்திர ஒழுங்குக்கு அடிப்படையாகவோ நாட்டின் வரலாற்றில் வேரூன்றியதாகவோ இருக்க வேண்டும். இது இரண்டுமே என்றார். மேக்னா கார்ட்டா, 1689, வர்ஜீனியா என்று வரிசையாக வந்து, 1868இல் இருந்த 37 மாநிலங்களில் 35இன் அரசமைப்புகள் மிகையான அபராதத்தைத் தடுத்தன என்று எண்ணிக்கை சொன்னார்.

அவர் தொட்ட இடங்களில் கனமானது உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய 'கறுப்புச் சட்டங்கள்'. அடிமை முறை ஒழிந்ததும் தென் மாநிலங்கள் என்ன செய்தன? வேலையில்லாமல் திரிவது போன்ற மங்கலான குற்றங்களை உண்டாக்கி, விடுதலையானவர்களுக்கு அபராதம் போட்டன. கட்டக் காசில்லையா? மிசிசிப்பி சட்டத்தின்படி ஐந்து நாளில் கட்டாதவரை, அபராதத்தைக் கட்டிவிட யார் முன்வருகிறாரோ அவரிடம் ஷெரிஃப் கூலிக்கு விட்டுவிடலாம். முன்வருபவர் பெரும்பாலும் பழைய எஜமானின் இனத்தவரே. சங்கிலியைக் கழற்றிவிட்டு ரசீதை மாட்டியது போல. பதினான்காவது திருத்தத்தை எழுதியவர்களின் கண்முன் இருந்தது இதுதான் என்பது கின்ஸ்பர்க்கின் வாதத்தின் உயிர். கிளாரன்ஸ் தாமஸ் முடிவில் சேர்ந்துகொண்டாலும் அதே திருத்தத்தின் வேறு வாசகத்தின் வழியாக அங்கே போக வேண்டும் என்று தனியாக நீளமாக எழுதினார். இந்தக் கறுப்புச் சட்டங்களைப் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் தலைமைத் தீர்ப்பைவிடச் செறிவானவை.

பறிமுதலுக்கு விலக்கு வேண்டும் என்ற இண்டியானாவின் கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமை பொருந்துமா என்று பார்க்கும்போது உரிமையை மொத்தமாகப் பார்க்க வேண்டும், அதன் ஒவ்வொரு பயன்பாட்டையும் பிய்த்துப் பார்க்க முடியாது என்றது. 1993 தீர்ப்பைத் திரும்பிப் பார்க்கவும் மறுத்தது. வழக்கை இண்டியானாவுக்குத் திருப்பி அனுப்பியது. அவ்வளவுதான். மேக்னா கார்ட்டாவின் 'பிழைப்பைக் கெடுக்காதே' என்ற வரியை மேற்கோள் காட்டினார்கள், ஆனால் ஒருவரின் வரும்படியைப் பார்த்து அபராதத்தை அளக்க வேண்டுமா என்ற கேள்வியில் 1998 தீர்ப்பு ஓர் அடிக்குறிப்பில் நிலைப்பாடு எடுக்காமல் விட்டதைச் சுட்டிக்காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஒன்பது பேரும் ஒன்றாக நிற்பதற்குக் கொடுத்த விலை இது என்று நினைக்கிறேன். அளவுகோலைத் தொட்டிருந்தால் ஒற்றுமை உடைந்திருக்கும்.

அளவுகோல் பிறந்த இடம்

2019 அக்டோபர் 28. இண்டியானா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி லொரெட்டா ரஷ் எழுதிய தீர்ப்பைச் சட்ட மாணவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பேன். அரசு இப்போது புதிய வாதத்தோடு வந்தது. வண்டி குற்றத்துக்குக் கருவியாக இருந்ததா? இருந்தது. அப்படியானால் விலை எவ்வளவாக இருந்தாலும் பறிமுதல் செல்லும், மேலே கேள்வி வேண்டாம். அதாவது புகாட்டி மறுபடியும் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கருவி என்று நிரூபிப்பது முதல் படிதான், அதற்குப் பிறகு பொருத்தம் பார்க்க வேண்டும் என்றது. பொருத்தத்துக்கு மூன்று பக்கம்: தண்டனை எவ்வளவு கடுமை, குற்றம் எவ்வளவு கனம், சொந்தக்காரரின் பங்கு எவ்வளவு. கடுமையை அளக்கும்போது வண்டியின் சந்தை விலையோடு நிற்காமல், அது அவருக்கு என்னவாக இருந்தது, அது போனால் வேலைக்கு எப்படிப் போவார், கையில் வேறு என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் அடிக்குறிப்பில் விட்டுப்போன கேள்விக்கு இதுதான் பதில். லட்சாதிபதிக்கு 42,000 டாலர் கார் போனால் அடுத்த வாரம் வேறு கார். டிம்ஸுக்கு அப்பாவின் சாவில் கிடைத்து மிஞ்சிய ஒரே சொத்து அது. ஒரே தொகை, ஒரே குற்றம், ஆனால் ஒரே தண்டனை ஆகாது. இந்தப் பார்வைக்கு எதிர்வாதமும் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது: ஏழைக்குக் குறைவாக, பணக்காரருக்குக் கூடுதலாக என்று போனால் சட்டத்தின் முன் சமம் என்பது என்னாவது? ஹெராயின் விற்றதும் சின்ன விஷயமில்லை. அந்த ஆண்டுகளில் இண்டியானாவில் அது குடும்பங்களைக் குலைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கனத்தைச் சட்டமன்றமே 10,000 டாலர் என்று எடைபோட்டு எழுதிவைத்திருக்கும்போது, நான்கு மடங்கை வேறு பெயரில் எடுப்பது எப்படி நியாயம் என்பதற்கு அரசிடம் கடைசிவரை நல்ல பதில் இல்லை.

வழக்கு மறுபடி விசாரணை நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஏப்ரலில் அதே முடிவு: பொருத்தமற்றது, அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை, வண்டியை உடனே திருப்பிக் கொடுங்கள். கொரோனா ஊரடங்கு நேரத்தில், 2020 மே மாதம், ஏழு ஆண்டுக்குப் பிறகு வண்டி வீடு வந்தது. அரசு அப்போதும் விடவில்லை, மேல்முறையீடு. 2021 ஜூன் 10 அன்று இண்டியானா உச்ச நீதிமன்றம் மூன்றாம் முறையாக இந்தக் காரைப் பற்றி எழுதி, பெரும்பான்மைத் தீர்ப்பில் டிம்ஸுக்கே வண்டி என்று முடித்தது. அந்த 42,000 டாலர் கார் அதற்குள் ஒன்பது வருஷத்துப் பழைய மாடலாகியிருந்தது.

நம் பக்கம்

1689ஆம் ஆண்டு வாசகம் அட்லாண்டிக்கைத் தாண்டியதைப் போல இந்தியப் பெருங்கடலையும் தாண்டியது. அரசமைப்பு வழியாக வரவில்லை, தண்டனைச் சட்டம் வழியாக வந்தது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, தொகை குறிப்பிடாத இடத்தில் அபராதத்துக்கு வரம்பு இல்லை, ஆனால் மிகையாக இருக்கக் கூடாது என்றது. 2024இல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 8ஆவது பிரிவில் அதே வாசகம் தொடர்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 440ஆவது பிரிவு பிணைத்தொகைக்கும் இதையே சொன்னது. சட்டத்தில் இருப்பது ஒன்று, மாஜிஸ்திரேட் மேசையில் நடப்பது ஒன்று. மத்தியப் பிரதேசத்தில் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். தம்பி நின்றால், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார்கள். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் சாந்தினி சௌக்கிலும் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். அதே ஆண்டு சுனில் பத்ரா வழக்கில், நம் அரசமைப்பில் எட்டாவது திருத்தம் இல்லைதான், ஆனாலும் விளைவு ஒன்றே என்று எழுதியவரும் அவரே.

பிடித்த வண்டிகளைப் பற்றியும் நம் உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லியிருக்கிறது: காவல் நிலைய வாசலில் நீண்டகாலம் போட்டுவைக்காதீர்கள், உரிய பத்திரம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள் என்று. நம் ஊர்க் காவல் நிலையங்களின் சுற்றுச்சுவரோரம் எருக்கஞ்செடிக்கு நடுவே துருப்பிடித்து நிற்கும் ஸ்கூட்டர்களையும் மணல் லாரிகளையும் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நிலைமை தெரியும்.

டிம்ஸ் தீர்ப்பு தொடாத இன்னொரு கேள்வி காலம். வண்டியைப் பிடித்த பிறகு, பறிமுதல் வழக்கு முடியும்வரை அதை அரசே வைத்திருக்கலாமா என்று பார்க்க உடனடியாக ஒரு தனி விசாரணை வேண்டாமா? அலபாமாவில் இரண்டு பெண்கள் இதைக் கேட்டார்கள். ஒருவரின் காரை மகன் ஓட்டிப்போனபோதும் இன்னொருவரின் காரை நண்பர் ஓட்டிப்போனபோதும் போதைப்பொருளோடு பிடித்திருந்தார்கள். இரண்டு பேர் மீதும் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. 2024 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், அப்படித் தனி விசாரணை அரசமைப்பின்படி கட்டாயமில்லை, உரிய காலத்தில் பறிமுதல் விசாரணை நடந்தால் போதும் என்றது. அவர்களுக்கும் வண்டி கடைசியில் கிடைத்தது, ஒரு வருடத்துக்கு மேல் கழித்து. டிம்ஸுக்கு அந்த ஏழு வருடமும் கேட்டு வாங்கி ஓட்ட உறவினரின் கார் ஒன்று இருந்தது.